மண்மேடா, செயற்கைப் புல்மேடா?

பேஸ்போல் மைதானத்தின் நடுவே ஒரு சிறு மேடு உண்டு. பந்தெறிபவன் அதன் உச்சியிற் பதித்த றப்பர்ப் பலகையை ஒரு காலால் மிதித்து நின்று, மறுகாலைச் சரிவிலே நீட்டி ஊன்றிப் பந்தை வீசுகிறான். சிறுவர் ஆடும் களங்களில் அம்மேட்டைக் களிமண்ணால் அமைப்பதா, செயற்கைப் புல் போர்த்த ஆயத்த மேட்டைக் கொண்டுவந்து வைப்பதா என்பது அமெரிக்கப் பெற்றோரையும் பயிற்சியாளரையும் இரு கட்சியாக்கும் வழக்காகும். தும்புப் பாய் விரித்துக் கிரிக்கெட் ஆடிய நம் முதியோருக்கு இவ்வழக்கின் சுவை நன்கு புலப்படும்.

மேடு சிறிதெனினும் அதன் வல்லமை பெரிது. 1968ஆம் ஆண்டில் அதன் உயரம் 15 அங்குலம். அவ்வாண்டு செயின்ட் லூயிஸ் கழகத்துப் பொப் கிப்சன், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12 ஓட்டங்களே விட்டுக்கொடுத்தார். துடுப்பேந்தியோர் படும் பாட்டைக் கண்ட நிருவாகிகள் 1969இல் மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தனர். பந்து செல்லவேண்டிய எல்லையையும் சுருக்கினர். ஓட்டங்கள் மீண்டும் பெருகின. சிறுவருக்கு இவ்வளவு உயரம் ஆகாது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போட் நகரிலே கார்ல் ஸ்டொட்ஸ் என்பார் தொடங்கிய லிற்றில் லீக்கில், 12 வயது வரையுள்ளோர் 6 அங்குல மேட்டிலிருந்து 46 அடி தூரத்துக்கு எறிகின்றனர். பெரியோர்க்குரிய தூரம் 60 அடி 6 அங்குலம்.

செயற்கைப் புல் இவ்விளையாட்டுக்குள் நுழைந்தது ஒரு விபத்தாலெனலாம். 1965இல் ஹூஸ்டன் நகரில் கூரை வேய்ந்த அஸ்ட்ரோடோம் அரங்கு திறக்கப்பட்டது. ஒளிபுகும் கூரையின் கூச்சத்தால் உயரே எழும் பந்து ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினர். வெயிலின்றிப் புல் மாண்டது. 1966இல் செயற்கைப் புல்லை விரித்தனர். அஸ்ட்ரோடேர்வ் என்னும் பெயர் அவ்வரங்கினின்றே பிறந்தது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செயற்கைப் புல் விரித்த பெருங்கழகக் களங்களிலே இன்றும் எறிமேடு களிமண்ணாகவே இருக்கிறது. கோடிக்கணக்கிற் பணமுடையோர் மண்ணை விடாதது ஏன்?

பந்தை எறியும்போது முன்கால் சரிவில் இறங்குவது மெல்ல அன்று. உடல் நிறையிலும் மிகுந்த பாரம் அவ்வொரு காலின்மேல் ஒரு கணத்தில் விழுகிறது. நல்ல களிமண் சப்பாத்தின் அடியை அளவோடு கவ்விப் பிடிக்கும். காலும் உறுதியாக ஊன்றும். செயற்கைப் புல்லோ தேய்ந்துவிட்டால் வழுக்கும். ஆயத்த மேடு குட்டையானதாயின், நெட்டைப் பையனின் கால் அதன் விளிம்பைத் தாண்டி விழும். தரையோடு உருண்டுவரும் பந்து அவ்விளிம்பிற் பட்டுத் திசை மாறுவதும் உண்டு. உலோக ஆணிச் சப்பாத்து அணியும் மூத்த சிறுவர் ஏறினால் புல் கிழியும். இளையோர்க்கு லிற்றில் லீக் அச்சப்பாத்தையே தடைசெய்திருப்பதால் அவர்களால் இக்கேடு இல்லை. வெயிலிற் செயற்கைப் புல் தகிப்பதையும் சொல்லவேண்டும்.

எனினும் புல்மேட்டாரின் கட்சியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே திடலில் இன்று சிறுவரும் நாளை வாலிபரும் ஆடுவர்; மறுநாள் மேடே வேண்டாத சொப்ட்போல் நடைபெறும். நுரைப்பொருளாலோ பைபர் கிளாஸாலோ செய்த மேட்டை நாலுபேர் தூக்கி வேண்டிய தூரத்தில் வைத்துவிடலாம். மழை விட்டதும் ஆடலாம். மண்மேடோ மழையிற் சேறாகும்; வெயிலில் உலர்ந்து பொடியாகும். பத்துப் பையன்கள் மாறி மாறி எறிந்தபின் முன்கால் விழுமிடத்திலே குழி விழுந்துவிடும். பின்னே வரும் சிறுவன் அக்குழிக்கு அஞ்சித் தன் காலடியை மாற்றுவான். காலடி மாறினால் இடுப்பும் தோளும் மாறும். அதன் சுமை முழங்கையிற் போய்ச் சேரும். பேணாத மண்மேட்டைவிடப் புல்மேடே மேலென்று நான் தயங்காமற் சொல்வேன்.

முழங்கையைப் பற்றி அமெரிக்கர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1974இல் டொம்மி ஜோன் என்னும் வீரரின் முழங்கையிற் சிதைந்த தசைநாருக்கு மாற்றாக வேறொரு நாரை வைத்து டாக்டர் பிராங்க் ஜோப் சிகிச்சை செய்தார். அதன்பின் அச்சிகிச்சை இளம் பிள்ளைகளையும் தேடி வந்துவிட்டது. 2007இல் லிற்றில் லீக் எறியும் பந்துகளை எண்ணத் தொடங்கிற்று. 11, 12 வயதினர்க்கு ஒரு நாளில் 85; 9, 10 வயதினர்க்கு 75. நாளொன்றில் 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்த சிறுவன் நான்கு நாள் எறியலாகாது. மேட்டைப் பற்றி மணிக்கணக்காய் வாதிடும் தகப்பன்மார் சிலர் இந்தக் கணக்கை மறந்துவிடுவது வேடிக்கையே.

பயிற்சிக்குப் புல்மேடு, போட்டிக்கு மண்மேடு என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் மண்மேடு வேண்டுவோர் அதற்குரிய வேலையையும் ஏற்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் குழியிலுள்ள உதிர்மண்ணைக் கூட்டியெடுத்து, நீர் தெளித்து, புதுக் களிமண் இட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, ஈரம் போகாமற் படங்கால் மூடவேண்டும். இரண்டு பையன்களும் ஒரு தகப்பனும் நின்றால், இருட்டுமுன் முடிந்துவிடும்.