ஒற்றைத் தாளுக்கு என்ன விலை?

போடியில் ஏலக்காய் வியாபாரம் எனக்கு. சாம்பிளைக் கையில் கொட்டி, எட்டு எம்எம் பச்சைக் காயா என்று பார்த்துத்தான் ஏலத்தில் விலை கேட்போம். கடை அலமாரியில் பழைய முத்து காமிக்ஸும் உண்டு. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'க்கு இன்றும் கிராக்கிதான். ஆனாலும் அது அச்சுப் பிரதி. மாயாவியை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கை பட்ட மூலத்தாள் வேறு சரக்கு.

மூலத்தாள் பொதுவாக அச்சுப் பக்கத்தைவிடப் பெரியது. மைக்கு அடியில் பென்சில் கோடு, பிழையை மறைத்த வெள்ளைப் பூச்சு, ஒட்டிய வசனச் சீட்டு எல்லாம் தெரியும். உலகில் அது ஒன்றே ஒன்று. டின்டின் காமிக்ஸுக்காக அதன் ஓவியர் எர்ஜே 1936-ல் வரைந்து, அச்சுச் செலவு கட்டாது என்று ஒதுக்கப்பட்ட அட்டைப்படம் 2021-ல் பாரிஸ் ஏலத்தில் 30 லட்சம் யூரோவைத் தாண்டியது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை வரும் 1984-ம் ஆண்டுப் பக்கம் ஒன்று 2022-ல் டல்லாஸ் ஏலத்தில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்தை விற்றுவிடாதீர்கள். எந்த நாயகன், எந்தக் காட்சி, யார் வரைந்தது என்பதை வைத்துத்தான் விலை. பெரும்பாலான பக்கங்களை யாரும் சீந்துவதில்லை. தாளை வாங்கினால் அச்சிடும் உரிமை கூடவே வராது, வட்டியும் கிடையாது. மலைமேல் எஸ்டேட் பங்களாவில் மாட்டினால் பூஞ்சை நிச்சயம். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற காகிதம் இல்லாமல் மட்டும் வாங்கவே வேண்டாம்.