தரை ஓடு வெடிப்பதும் தரைக்கடியிலுள்ள ஈரமும்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வீதிகளில் பழைய வீடுகள் பல ஒன்றோடொன்று சுவர் ஒட்டியே கட்டப்பட்டவை. கடல் அருகிலிருப்பதாலும் நிலம் மணற்பாங்காயிருப்பதாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி ஜலம் மேலேறி நிற்பது இங்கு வழக்கம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இவ்வூரருகே கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய மழை வடிந்தபின் தரை ஓடுகள் வெடிக்கக் காணும் குடும்பஸ்தர், உடனே கொத்தனாரை அழைத்து, கடன் வாங்கியேனும் புதிய ஓடு பதிக்கின்றார். அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதுவும் வெடிக்கின்றது. ஓடு போயிற்று, கடன் மட்டும் நிற்கின்றது.

இதற்குக் காரணம் யாதெனில், நோய் ஓட்டிலன்று, அதன் அடியில் உள்ளது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மண்ணும் செங்கல்லும் காரையும் ஈரத்தை மேலே இழுக்கும். இதையே ஓதம் என்கிறோம். ஓதத்தோடு உப்பும் ஏறி, ஓடுகளின் இடுக்கில் வெண்மையாய்ப் பூக்கும். அடிக்காரை நாளடைவில் பொடிந்து பிடிப்பை இழக்கும். கசியும் சாக்கடைக் குழாய் இருப்பின் கேடு இன்னும் பெரிது. ஓடும் ஜலம் மணலை அரித்துச்சென்று பள்ளம் உண்டாக்க, ஓடு வெறும் பாலம்போல் நின்று, ஆள் நடந்தவுடன் முறிகின்றது. களிமண் நிலத்தில் வேறு விதம்: மண் நனைந்தால் பருத்துத் தரையைத் தூக்கும், காய்ந்தால் சுருங்கித் தரையை இறக்கும்.

வெடிப்பின் உருவத்தைப் பார்த்தே பாதி அறியலாம். ஒரே ஓட்டில் நட்சத்திரம்போல் கீறல் விழுந்திருந்தால் அம்மிக்குழவியோ குடமோ விழுந்ததாயிருக்கும். அதற்கு அந்த ஓட்டை மாற்றினால் போதும். கீறல் பல ஓடுகளைக் கடந்து ஒரே கோடாய் ஓடினால் அடித்தளம் இறங்கிவிட்டது. ஓடுகள் முறியாமல் கூரைபோல் இரண்டிரண்டாய் எழும்பினால், விரிவதற்குச் சுவரோரத்தில் இடம் விடப்படவில்லை என்பது பொருள். பின்னர் ஒரு காசினால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பவற்றைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். குறிகள் குளியலறையை நோக்கி நெருங்குகின்றனவா, தெருப்பக்கச் சுவரை நோக்கியா என்று பார்த்தால் ஈரம் வரும் திசை தெரியும்.

ஈரம் கீழிருந்து வருகின்றதா, மழைக்காலக் காற்றினின்று படிகின்றதா என்றறிய, இரண்டடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் நன்கு ஒட்டி இரண்டு நாள் விடலாம். தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் ஈரம் கீழிருந்து வருவது. மேற்புறத்தில் கண்டால் காற்றினுடையது. இக்காலத்து வழவழப்பான விட்ரிஃபைடு ஓடு அரைச் சதவிகிதத்துக்கு மேல் ஜலம் உறிஞ்சாததால், அதன்மேல் செய்யும் சோதனை ஏமாற்றும். கழன்ற ஓட்டை எடுத்துவிட்டு அடிக்காரையின்மேல் தாளை ஒட்டுவதே சரி.

கோடையிலும் காயாத ஈரம் பெரும்பாலும் குழாய்க் கசிவே. இரவில் குழாய்களை அடைத்து, மேல்தொட்டியில் ஜலமட்டத்தைக் கோடிட்டு, விடியலில் பார்க்கவேண்டும். சாக்கடையின் வாயைத் துணியால் அடைத்து ஜலம் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்குகின்றதா என்றும் பார்க்கலாம். தம் வீட்டில் குற்றமில்லையெனில், சுவர் ஒட்டிய அண்டை வீட்டுக் குளியலறையையும் சோதிப்பது அவசியம். இங்கேதான் மனஸ்தாபம் பிறக்கின்றது. சாக்கடைக் கசிவு இரு வீட்டின் கடைக்காலையும் தின்னுமாதலால், செலவைப் பங்கிட்டுக்கொள்வது வழக்காடுவதைவிட மலிவானது.

கசிவை நிறுத்தியபின் உடனே ஓடு பதிக்கலாகாது. பிளாஸ்டிக் தாளின் அடியில் துளி காணாத வரையில், வாரக்கணக்காயினும் தரையைத் திறந்தே காயவிட வேண்டும். அரித்த இடத்தில் செங்கல் ஜல்லி போட்டுக் கெட்டித்து, கான்கிரீட்டுக்குக் கீழே தடித்த பாலிதீன் விரிப்பது புதிய வீட்டுக்கு ஏற்றது. சுண்ணாம்புக் காரையாலான பழைய வீட்டில் அது உசிதமன்று. தரையில் அடைபட்ட ஓதம் சுவரில் ஏறிப் பூச்சை உதிர்க்கும். அங்கே ஈரத்தை மூச்சுவிடச் செய்யும் சுண்ணாம்புத் தளமும் மெருகிடாத செங்கல் தட்டோடுமே பொருத்தம். எவ்வகை ஓடாயினும் சுவரோரம் கால் அங்குல இடைவெளி விட்டு, சிமெண்டு அடைக்காமல், அதன்மேல் ஓரப்பட்டி வைத்து மறைக்கலாம்.