கூடப்பிறந்தவர்களின் பங்கை வாங்கி அப்பா வீட்டை வைத்துக்கொள்ளலாமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு அந்தப் பேச்சு வந்துவிடும்: "வீட்டை என்ன பண்றது?" வெளியூரில் இருக்கும் மூன்று பேர் விற்றுவிடலாம் என்பார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெளியாளுக்குப் போக வேணாம், நானே எடுத்துக்கிறேன்" என்பார். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவர் செய்யப்போவது வாழ்நாளின் மிகப் பெரிய கொள்முதல்களில் ஒன்று. ஆனால் அதைக் கொள்முதல் என்று அவரும் நினைப்பதில்லை, குடும்பமும் நினைப்பதில்லை. புது அடுக்ககம் வாங்கப் போனால் பத்து இடம் பார்ப்போம், குழாயைத் திறந்து பார்ப்போம், விலையில் இரண்டு லட்சமாவது குறைப்போம். அப்பா வீட்டுக்கு இதில் எதுவும் நடப்பதில்லை. பேரம் பேசினால் மரியாதைக் குறைவு, கணக்குப் பார்த்தால் பாசக் குறைவு என்று ஆகிவிடுகிறது. கணக்குப் பார்க்காமல் வாங்கி, பிறகு தவணை கட்ட முடியாமல் தம்பியிடமே கைமாற்று கேட்பதில்தான் மரியாதை உண்மையிலேயே கெடும்.

முதலில் அவசரத்தைக் கழற்றி வைக்கலாம். "நாம எடுக்கலைன்னா யாரோ ஒருத்தன் ஒரு பங்கை வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்துடுவான்" என்ற பயம்தான் பலரைக் கடனுக்குத் தள்ளுகிறது. சட்டம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. அப்பா உயில் எழுதாமல் போய், சொத்து மனைவி மக்கள் என்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உதவும். ஒருவர் தம் பங்கை விற்க நினைத்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம் விலை வைக்கும். அதையும் மீறி வெளியாள் ஒரு பங்கை வாங்கிவிட்டாலும், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி குடும்பம் குடியிருக்கும் வீட்டில் கூட்டாகக் குடியேற அவர் உரிமை கோர முடியாது. பாகம் கேட்டு அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அவருடைய பங்குக்கு மதிப்புக் கட்டி வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் குடும்பத்தாருக்குத் தருகிறது. கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. ஓராண்டு ஆறப் போட்டால் வீடு ஓடிப்போய்விடாது, அவ்வளவுதான். இறுதிச் சடங்கு நடந்த வீட்டில், அழுது வீங்கிய கண்ணோடு விலை பேசுவதைவிட மோசமான நேரம் வேறில்லை. (இங்கே சொன்னதில் 22ஆம் பிரிவு இந்துக் குடும்பங்களுக்கானது. கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு.)

அடுத்து, யாருக்கெல்லாம் பங்கு என்று எழுதிப் பாருங்கள். "தங்கச்சிக்குச் சீர் செய்தாச்சு, அவ கேட்க மாட்டா" என்பது கூடத்துப் பேச்சு, பத்திரம் ஆகாது. இந்துக் குடும்பத்தில் அப்பா தம் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் விட்ட வீடு என்றால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956லிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989லேயே அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதில் இருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அவர் அந்த வீட்டிலேயே இருக்க விரும்பினால் இந்தப் பேச்சையே ஒத்திவைப்பதுதான் முறை.

இனி கணக்கு. புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கம் ஒரு வீடு, சந்தை விலை 80 லட்சம், வாரிசுகள் நான்கு பேர். வாங்க நினைப்பவருக்கு வயது 48, கையில் வரும் சம்பளம் மாதம் 90,000. மற்ற மூவரின் பங்கு 60 லட்சம். சேமிப்பில் 25 லட்சம் இருக்கிறது, 35 லட்சம் கடன் வேண்டும்.

எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் தவணை சுமார் 30,400. ஆனால் 48 வயதுச் சம்பளக்காரருக்கு வங்கி பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதை எல்லையாக வைக்கும். 12 ஆண்டு என்றால் தவணை சுமார் 38,850 ஆகிவிடும். சம்பளத்தில் நூற்றுக்கு 43 ரூபாய் அங்கேயே போயிற்று. மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 56 லட்சம், அதில் வட்டி மட்டும் 21 லட்சம். கையில் இருந்த 25 லட்சத்தையும் சேர்த்தால் 81 லட்சம்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான்காவது பங்கு "நம்மளோடதுதானே, சும்மா வந்தது" என்று தோன்றும். சும்மா வரவில்லை. வீட்டை விற்றிருந்தால் உங்கள் கைக்கும் 20 லட்சம் வந்திருக்கும். அதை வேண்டாம் என்று சொல்லித்தான் வீட்டை எடுக்கிறீர்கள். ஆக 80 லட்சம் பெறுமானமுள்ள வீட்டுக்கு நீங்கள் போடுவது ஒரு கோடிக்கு மேல். இதில் ஓட்டைப் பிரித்துப் போடுவது, கரையான் அரித்த உத்திரத்தை மாற்றுவது, மின் வயரிங்கைப் புதுப்பிப்பது எதுவும் சேரவில்லை. நாட்டு ஓட்டு வீடு என்றால் மழைக்கு முன் ஆண்டுதோறும் ஓடு மாற்றியாக வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதும் குறைந்துவிட்டது. மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுக ஆரம்பித்தால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவதே ஒரு செலவு.

"மனை விலை ஏறுமே" என்பீர்கள். ஏறலாம். ஆனால் விற்பதற்காகவா வாங்குகிறீர்கள்? விற்கவே மாட்டேன் என்பவருக்கு விலையேற்றம் காகிதத்தில் மட்டும்தான். வீட்டு வரிதான் நிஜமாக ஏறும்.

இப்போது உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இதே வீடு, இதே தெருவில், யாரோ ஒருவருடையதாக இருந்து விலைக்கு வந்தால் என்ன கொடுப்பீர்கள்? 80 லட்சம் கொடுப்பேன் என்றால் இது நல்ல கொள்முதல், பாசம் இலவச இணைப்பு. 50க்கு மேல் கொடுக்க மாட்டேன் என்றால் அந்த வித்தியாசமும் அதற்கான வட்டியும் பராமரிப்பும்தான் பாசத்தின் விலை. அந்த விலையைக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்கள் மகள் கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயில் திருப்பணிக்கும் திரும்பி வராத பணத்தைச் சந்தோஷமாகத்தான் செலவழிக்கிறார்கள். ஆனால் அங்கே எவ்வளவு என்று தெரிந்து செலவழிக்கிறார்கள். வீட்டு விஷயத்தில் அந்தத் தொகை முதலீடு என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்கிறது.

கைவசம் இருப்பதை நாம் கூடுதலாக மதிப்பிடுவது வீட்டுக்கு மட்டுமான குணமும் அல்ல. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் சிலருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கையில் கோப்பை வைத்திருந்தவர்கள் ஏழு டாலர் அளவில் கேட்டார்கள். இல்லாதவர்கள் மூன்று டாலர்கூடக் கொடுக்கத் தயாராக இல்லை. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், நடை பழகிய வீட்டுக்கு எப்படி இருக்கும்? இன்னொரு சிக்கலும் உண்டு: விற்கும் அண்ணனும் அதே வீட்டில்தான் வளர்ந்தார். அவர் மனக்கணக்கிலும் விலை கூடுதலாகத்தான் இருக்கும், நீங்கள் விடமாட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே விலையை நீங்கள் நால்வரும் பேசி முடிவு செய்யாதீர்கள். ஊருக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூலியை நால்வரும் சமமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதும் பத்திரத்தில் பெரிய தொகை மிச்சமாகலாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.40 லட்சம் ஆகும். கூட்டு உரிமையாளர்களான குடும்பத்தாருக்குள், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக எழுதினால் 2023 ஜூலை திருத்தத்தின்படி முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. யார் யார் குடும்பத்தார் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது, கட்டணங்களும் மாறக்கூடியவை. எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பத்திரத்தின் பெயர் எதுவானாலும் பணம் கைமாறினால் வருமான வரித்துறை அதைப் பெரும்பாலும் விற்பனையாகத்தான் பார்க்கும். விற்கும் தங்கைக்கு மூலதன ஆதாய வரி வரலாம். விலை 50 லட்சத்தை எட்டினால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். தம்பி வெளிநாட்டுவாசி என்றால் பிடித்தம் வேறு, அதிகமும்கூட. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது.

வங்கியைப் பற்றிச் சுருக்கமாக. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு. பழைய மண்சுவர் வீட்டின் கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் போடும் தொகை உங்கள் மனதைப் புண்படுத்தும், அது மனைக்கு மட்டும் விலை போட்ட மாதிரி இருக்கும். குடும்பப் பங்கை வாங்குவதை வீட்டுக்கடனாக ஏற்காமல், வட்டி கூடுதலான சொத்து அடமானக் கடன் என்று சொல்லும் வங்கியும் உண்டு. இதையெல்லாம் அண்ணனிடம் வாக்குக் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாசம் மட்டும் இருந்து பராமரிக்கப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் செட்டிநாட்டுக்குப் போனால் பார்க்கலாம். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்ட வீடுகள், மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அங்கே வைத்திருந்த செல்வம் பெரிதும் போயிற்று. வீடுகள் நின்றன, பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். யாருக்கும் விற்க மனமில்லை, யாருக்கும் தனியாகப் பார்க்க முடியவில்லை. பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறந்தன. சில இடிந்தன, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. கூட்டாகப் பணம் போட்டுப் பராமரித்த வீடுகளும் விடுதியாக மாறிச் சம்பாதிக்கத் தொடங்கிய வீடுகளும்தான் பளபளப்பாக நிற்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பட்டியல் பெருமை தரும், ஓடு மாற்றித் தராது.

ஆகவே கட்டுப்படாது என்று கணக்குச் சொன்னால், உங்கள் பாசம் வீட்டில் எதன்மேல் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஊருக்குப் போனால் தங்க ஓர் இடம் வேண்டும் என்பதா? அப்பா உட்கார்ந்த திண்ணையா? பொங்கலுக்கு நால்வரும் கூடுவதா? முதலாவதற்கு வீட்டின் பின்கட்டை மட்டும் பாகம் பிரித்து எடுத்துக்கொண்டு முன்கட்டை விற்கலாம், மனை அதற்கு இடம் கொடுத்தால். அண்ணன் தம்பிகள் ஒத்துக்கொண்டால் பங்குகளை ஐந்தாறு ஆண்டில் ஒவ்வொன்றாக வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் விலையையும் தேதியையும் இப்போதே எழுத்தில் பதிவு செய்யுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். விற்காமல் கூட்டாகவே வைத்து, வாடகைக்கு விட்டு, வாடகையைப் பராமரிப்புக்கென ஒரு கூட்டுக் கணக்கில் போடுவதும் நடக்கிற காரியம்தான். நிலைக்கதவையும் ஊஞ்சலையும் எடுத்துக்கொண்டு மற்றதை விற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொங்கலுக்குக் கூடுவது வீட்டைவிட, பங்குச் சண்டை வராமல் இருப்பதைப் பொறுத்தது.

என் தீர்ப்பைக் கேட்டால்: தவணை போக மீதியில் குடும்பம் நடந்து, பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் தொடாமல், ஆண்டுக்கு ஒரு பராமரிப்புத் தொகையும் ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள், யார் கேலி செய்தாலும் வாங்குங்கள். இதில் ஒன்று முடியாவிட்டாலும் விற்றுவிடுங்கள். பிள்ளைகளுக்காக வாங்குகிறேன் என்று சொல்வதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அது தாத்தா வீடு, கோடை விடுமுறைக்கு வந்த இடம்.

வாங்குவது என்று முடிவானால் மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுங்கள். விடுதலைப் பத்திரம் பதிந்த பிறகு பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. அடுத்த தலைமுறையின் வழக்குகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.