மெல்ல முடிவன: ஆங்கிலக் கூட்டுவினைகள் சில

ஆங்கில மொழியைப் பிறமொழியாளர் கற்குங்கால் அவர்க்குப் பேரிடர் விளைப்பன நெடுஞ்சொற்கள் அல்ல. ‘அவுட்’, ‘டவுன்’, ‘ஓவ்’, ‘அவே’ என்னும் சின்னஞ்சிறு சொற்களே. 1755 ஆம் ஆண்டில் தமது அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் அதன் முன்னுரையிலேயே இவ்விடரை எடுத்துரைத்துள்ளார். வினையொன்று இத்தகைய சிறுசொல்லோடு கூடிப் புதுப்பொருள் பயப்பதைத் தமிழிற் கூட்டுவினை எனலாம். அதற்கு இன்று வழங்கும் ஆங்கிலக் கலைச்சொல் 1925 இல் லோகன் பியர்சல் சிமித் எழுதிய நூலாற் பரவியது; அச்சொல்லைத் தமக்கு உரைத்தவர் ஒக்ஸ்போட் அகராதியின் ஆசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என அவரே குறித்துள்ளார்.

ஒரு பொருள் சிறுகச் சிறுக முடிவெய்துதலைக் குறிக்க ஆங்கிலத்திற் கூட்டுவினைகள் பல உள. அவற்றை அகராதியிற் பார்க்கும் மாணவன் எல்லாவற்றுக்கும் ‘முடிதல்’, ‘மறைதல்’ என்றே பொருள் கண்டு, ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறான். முடிவின் வகையை அறிவிப்பது பெரும்பாலும் வினையன்று, அதனை அடுத்து நிற்கும் சிறுசொல்லே என்பதை உணரின் இம்மயக்கம் பெரிதும் நீங்கும். இடைச்சொல் தனித்து நடவாது என்பது தமிழிலக்கணத் துணிபு. ஆங்கிலத்தில் அவ்விடைச்சொல்லே தேரைச் செலுத்தும் பாகனாக அமைந்துவிடுகின்றது.

‘டை’ என்னும் வினை இதற்கு நல்ல சான்று. இறத்தல் என்பது அதன் பொருள். ‘டை டவுன்’ என்றால் தணிதல்: தீ, புயல், ஆரவாரம் ஆகியன இவ்வாறு தணிவன. தணிந்த தீயிற் கனல் எஞ்சியிருத்தல் கூடும். அது மீண்டும் மூளலாம். ‘டை அவுட்’ என்றால் அடியோடு அற்றுப்போதல். இனம், வழக்கம், மொழி ஆகியவற்றுக்கு இது வரும். ‘டை அவே’ என்பது சேய்மை நோக்கித் தேய்தல். தொலைவிற் செல்லும் வண்டியின் ஓசை கேட்போன் செவியினின்றும் நீங்குவது போல்வது. ‘டை ஓவ்’ என்பதோ ஒரு கூட்டத்துள்ளவை ஒவ்வொன்றாய் மடிதல். வட அமெரிக்காவில் ஒருகாலத்திற் கோடிக்கணக்கிற் பறந்து திரிந்த பயணிப் புறா வேட்டையால் அருகிப்போயிற்று. கூண்டுகளில் எஞ்சிய சில பறவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. அது ‘டை ஓவ்’. 1914 செப்டெம்பர் 1 ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையிற் கடைசிப் பறவை இறந்தபோது அவ்வினமே அற்றது. அது ‘டை அவுட்’.

‘டவுன்’ என்பதற்கும் ‘அவுட்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை இலக்கண நுட்பம் மாத்திரமன்று. இலங்கையின் மலேரியா வரலாறு இதனை நன்கு விளக்கும். 1934-35 இற் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்ட அந்நோய், டி.டி.ரி. தெளிப்பின் பயனாகக் குறைந்து, 1963 இல் 17 பேரிடத்து மட்டுமே காணப்பட்டது. நோய் ‘டை அவுட்’ ஆகிவிட்டது போலத் தோன்றிற்று, தெளிப்பும் கைவிடப்பட்டது. உண்மையில் அது ‘டை டவுன்’ ஆகியிருந்ததே அன்றி வேறன்று. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் மீண்டும் அந்நோய்வாய்ப்பட்டனர். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 இலேயாம்.

‘றன்’ என்னும் வினையிலும் இவ்வேற்றுமையைக் காணலாம். முறுக்குத் தளர்ந்து நிற்கும் கடிகாரம் ‘றன் டவுன்’ ஆகிறது. சாவி கொடுத்தால் மீண்டும் ஓடும். விளக்கின் எண்ணெய் ‘றன் அவுட்’ ஆயின் புதிதாக ஊற்றினாலன்றி வழியில்லை.

தமிழர்க்கு இது கடினமாகத் தோன்றுவதன் காரணம் வெளிப்படை. ஓய்ந்துபோதல், வற்றிப்போதல், தேய்ந்துபோதல், தீர்ந்துபோதல் என்னுமிடங்களில் முடிவின் வகையை முதலில் நிற்கும் வினையே காட்டிவிடுகின்றது. பின்வரும் ‘போ’ எல்லாவற்றுக்கும் பொது. ஆங்கிலத்தில் முன்னின்ற ‘டை’ பொதுவாகிப் பின்வருவது சிறப்பாகிறது. ஆதலின் முதற்சொல்லிலேயே கருத்தை ஊன்றிப் பழகிய மாணவன் பிற்சொல்லைக் கவனியாது விடுகிறான். நோயாளியின் மருந்து ‘றன் அவுட்’ ஆயிற்று என்றால் குப்பி வெறுமையாயிற்று என்பது பொருள். ‘வெயார் ஓவ்’ ஆயிற்று என்றால் உட்கொண்ட மருந்தின் வலிமை உடலினின்றும் நீங்கியது என்பது பொருள். இரண்டையும் ‘மருந்து முடிந்தது’ எனக் கொள்ளும் தாதி, குப்பி நிறைந்திருக்க நோயாளியை வலியோடு கிடக்க விடவுங் கூடும்.

‘பீற்றர் அவுட்’ என்பது அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் வழக்கு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. தாதுக்கொடி நிலத்தினுள் மெலிந்து மெலிந்து இல்லாதொழிவதை அது குறித்தது. ஆதலின் வளத்துடன் தொடங்கி மெலிந்தொழியும் முயற்சிக்கு இன்றும் பொருந்தும்.

‘ஃபிசில் அவுட்’ என்பதற்கு இழிவுக் குறிப்பு உண்டு. பெரும் ஆரவாரத்தோடு எழுந்து நமுத்த வாணம்போற் சீறி அடங்குதல் அது. அதன் முதல்வினை ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் வினாவுக்கு விடைகூற எழுந்து தடுமாறிய மாணவனைக் குறிக்கவும் வழங்கியது. ‘ஃபேட் அவே’ என்பதில் அத்தகைய இழிவு இல்லை. நிறம் மங்குதல் போன்ற அமைதியான மறைவு அது. பதவி நீக்கப்பட்ட சேனாதிபதி டக்ளஸ் மக்காதர் 1951 ஏப்ரல் 19 ஆம் நாள் அமெரிக்கப் பேரவையில் விடைபெறுகையில், பழைய படைமுகாம்ப் பாட்டொன்றை நினைவுகூர்ந்து இச்சொல்லையே தமக்கு உரிமையாக்கிக் கொண்டார். ‘ஃபேட் அவுட்’ எனவும் ஒரு வழக்குண்டு. அது திரைப்படத்திற் காட்சி முற்றாக இருண்டு முடிவதற்கும், வானொலியில் ஒலி படிப்படியாக ஒடுக்கப்படுவதற்கும் உரியது.