மலைப்பயணத்தில் கைப்பையில் இருக்க வேண்டியது

கடந்த மே மாதம் எங்கள் இரு குழந்தைகளுடன் மதுரையிலிருந்து கொடைக்கானல் சென்றோம். வளைவுகளில் இளையவள் வாந்தி எடுக்கக்கூடும் என்று எலுமிச்சையும் காகிதப் பைகளும் எடுத்துவைத்தோம்; கம்பளி ஆடைகளையும் மறக்கவில்லை. ஆஸ்துமா உள்ள ஆறு வயது மகனின் இன்ஹேலரை மட்டும் பெட்டியோடு காரிலேயே விட்டுவிட்டோம்.

அன்று மாலை விடுதி முற்றத்தில் விறகு மூட்டிக் குளிர்காய்ந்தோம். நள்ளிரவில் மகன் இருமி எழுந்தான், மூச்சு இரைத்தது. காரோ ஓட்டுநருடன் வேறிடத்தில் நின்றது. அது வந்துசேர அரைமணி நேரமாயிற்று. பிறருக்கு நாள்தோறும் அறிவுரை கூறும் நாங்கள், அவனை நிமிர்த்தி உட்காரவைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம். நல்வாய்ப்பாக அவனால் பேச முடிந்தது. மருந்து கிடைத்தபின் தேறினான்.

சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் உயரத்தால் வரும் நோய் அரிது. குளிர்காற்று, விறகுப் புகை, பழங்கம்பளியின் தூசு ஆகியவையே ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களைச் சுருக்குகின்றன. எனவே தடுப்பு மருந்தைப் பயண நாட்களிலும் நிறுத்தாதீர்கள். நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். தங்குமிடம் சேர்ந்ததும் அருகிலுள்ள மருத்துவமனை எதுவெனக் கேட்டறியுங்கள். மருந்து கொடுத்த பின்னும் இரைப்பு தணியாவிட்டாலோ, விலாப்பகுதி உள்வாங்கினாலோ, பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மறுநாள் ஏரிக்கரையில் குழந்தைகள் இருவரும் ஓடி விளையாடினர். கைப்பை எங்கள் தோளில் இருந்தது.