பத்துப் படம் சேர எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்?

1990களில் 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படங்களுக்காகப் பிள்ளைகள் நம் கடைகளில் மொய்த்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய ஸ்கீம் வரும்போதெல்லாம் சில்லறைக் கடைக்காரருக்குக் கெட்ட பெயரும் கூடவே வருகிறது. அரியலூர் பக்கம் என்னிடம் சரக்கெடுக்கும் ஒருவரிடம் ஒரு பையனின் தகப்பனார் வந்து, "இருபது பாக்கெட் வாங்கியும் ஒரு படம் மட்டும் வரவில்லை. நீங்கள்தான் பிரித்து எடுத்துவிட்டீர்கள்" என்று சண்டைக்கு நின்றார். கடைக்காரர் மேல் தவறில்லை. கணக்கே அப்படித்தான்.

மொத்தம் பத்துப் படம், எல்லாம் சம அளவில் அச்சாகியிருக்கின்றன என்று கொள்வோம். கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். ஒரே ஒரு படம்தான் பாக்கி என்றால், இன்னும் வாங்க வேண்டிய சராசரி பாக்கெட்டை 'அ' என்போம். ஒரு பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு பழைய படமே வரும். அப்போது மறுபடி அதே நிலை, அதே 'அ'. ஆகவே அ = 1 + 9/10 அ. அதாவது அ = 10.

இரண்டு படம் பாக்கி என்றால் 'ஆ'. பத்தில் எட்டுப் பங்கு அதே நிலை. இரண்டு பங்கு ஒரு படம் பாக்கி என்ற நிலைக்கு வருவோம். அதன் விடை 10 என்று கையில் இருக்கிறது. ஆ = 1 + 8/10 ஆ + 2/10 × 10. விடை 15. இப்படியே ஒவ்வொரு படியாக ஏறினால் மூன்றுக்கு 18.33, பத்துக்கு 29.29. முதல் ஐந்து படம் சுமார் ஆறரைப் பாக்கெட்டில் சேர்ந்துவிடும். கடைசி ஒன்றுக்கு மட்டும் பத்து! இருபது பாக்கெட்டில் ஒன்று குறைவது அதிசயமே இல்லை.

கொள்முதலுக்கும் இது உதவும். பையனுக்குப் பத்துப் பாக்கெட் போதும் என்று நினைக்க வேண்டாம். அதில் சராசரியாக ஆறு, ஏழு படம்தான் சேரும். ஆளுக்கு முப்பது என்று அடுக்குவதும் ஆபத்து. பலர் பாதியில் விட்டுவிடுவார்கள், ஸ்கீம் முடிந்த பின் மீதிச் சரக்கை யாரும் தொடமாட்டார்கள்.

இவையெல்லாம் படங்கள் சமமாக அச்சானால்தான். ஒரு படம் நூறு பாக்கெட்டுக்கு ஒன்றுதான் என்றால், அது ஒன்றுக்கே சராசரி 100 பாக்கெட். ஆர்டர் எடுக்க வரும் கம்பெனிப் பிரதிநிதியிடம் முதலில் இதைக் கேளுங்கள். பெரம்பலூரில் ஒரு கடைக்காரர், இரட்டைப் படங்களைப் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளக் கல்லா அருகே ஒரு தகர டப்பா வைத்திருந்தார். அவரிடம் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.