பியூரெட்டுக்குள் ஒரு புரோகிராம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஓஸ்லோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் மனைவி கண் கலங்கிவிட்டார். திருச்சியில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்தவர். இங்கே ஆசிரியராவதற்கான ஓராண்டுப் பயிற்சியில் இருக்கிறார். "பைத்தான் எல்லாம் எனக்கு வராதுப்பா. கிளாஸ்ல இருக்கற பசங்க என்னைவிட நல்லா எழுதுவாங்க" என்றார். கூடப் படிக்கும் நார்வேக்காரர்கள் சிலருக்கும் இதே பயம்தானாம்.

நார்வேயில் 2020-ல் வந்த புதிய பாடத்திட்டம் புரோகிராமிங்கைக் கணிதத்துக்குள்ளும் அறிவியலுக்குள்ளும் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்கு, அறிவியல் நிகழ்வுகளை ஆராய புரோகிராமிங்கைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கற்பிக்க வேண்டியது வேதியியல் ஆசிரியர், என்னைப் போன்ற ஐ.டி. ஆள் இல்லை.

நான் பெருமையாக உதவிக்கு உட்கார்ந்தேன். டைட்ரேஷனையே எடுத்துக்கொண்டோம். உங்களுக்குப் பிளஸ் டூ பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு பியூரெட் ரீடிங் எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் நான் எழுதிய புரோகிராமும் அப்படித்தான் இருந்தது: நிறம் மாறும்வரை சொட்டு சொட்டாக விடு, இரண்டு ரீடிங்கும் சமமானால் நிறுத்து.

அவர் சிரித்துவிட்டார். முதல் சொட்டிலிருந்தே சொட்டு சொட்டாக விட்டால் விடிந்துவிடும். முதல் தடவை வேகமாக விட்டு உத்தேசமாக ஓர் அளவு பார்க்கணும், அடுத்த தடவை அதன் பக்கத்தில் வரும்போதுதான் சொட்டு. நிறம் மாறுவது என்றால்? வெளிர் இளஞ்சிவப்பு, குடுவையை ஆட்டிய பிறகும் அரை நிமிடமாவது நிற்கணும். ரொம்ப நேரம் காத்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து நிறம் போய்விடும். "ரெண்டு ரீடிங்கும் அப்படியே சமமா வராது. 0.1 மில்லி வித்தியாசம்னா ஒத்துக்கலாம்."

எப்போது நிறுத்துவது, எவ்வளவு பிழையைப் பொறுப்பது, எங்கே வேகம், எங்கே நிதானம் – பத்து வருஷமாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கணினிச் சிந்தனை பற்றி ஜெனட் விங் 2006-ல் எழுதிய கட்டுரையும் அது வெறும் புரோகிராமிங் அல்ல என்றுதான் சொன்னது. என் மனைவியிடம் அது ஏற்கெனவே இருந்தது. அவருடைய பயிற்சி வகுப்போ வேரியபிளிலும் கமாவிலும் தொடங்கியது. பியூரெட்டில் தொடங்கியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அழுகை இருந்திருக்காது என்பது என் கட்சி. சிண்டாக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவது வாரம் வரட்டும்.

வியாழக்கிழமை அவருக்குப் பயிற்சி வகுப்பு. லேப்டாப் கிடையாது. பிள்ளைகள் செய்முறையைத் தாளில் எழுத வேண்டும், எழுதியதை மட்டும் அவர் அப்படியே செய்வார்.

"பியூரெட்டை எப்ப மூடணும்னு யாருமே எழுதலைன்னா?" என்று கேட்டேன்.

"வழியட்டும். தண்ணிதான் ஊத்தி வைக்கப் போறேன்."